விளக்குமாறு கட்டிய கார்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த பாவாடை தன் வாழ்நாளில் எந்தச் சட்டத்தையும் மீறியதில்லை. இதை அவரே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். சட்டத்தில் எழுதாமல் விட்ட இடத்தில் மட்டும்தான் அவர் நடமாடினார். அந்த இடம் சட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது அவர் குற்றமில்லை.

பெயரைக் கேட்டு மெட்ராஸ்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் பாவாடைராயன் சாமிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைகள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அதனால் யாரும் சிரிப்பதில்லை.

ஒருமுறை சேலத்திலிருந்து புதுத் தார்ப்பாய் ஒன்றைப் பேருந்தில் கொண்டுவந்தார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றார். பாவாடை கீழே இறங்கி, சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்து, உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மறுபடி ஏறினார்.

"போத்திக்கினு வர்ற துணிக்கு எந்த ஊர்ல லக்கேஜ் போடறீங்க? சொல்லுங்க, கேட்டுக்கறன்."

கண்டக்டர் ஆத்தூர் வரை வாதாடிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார். சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சி வந்து இறங்கும்போது பாவாடை அவித்த கிழங்கு மாதிரி இருந்தார். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்க ஒரு வாரம் ஆயிற்று.

"ஜெயிச்சது நான்தான்" என்றார் பாயில் கிடந்தபடி.

"ஜெயிச்சவங்களுக்குக் கஞ்சி வெக்கறதுக்கு மட்டும் நான்" என்றாள் அவர் மனைவி பாப்பாத்தி.

இப்படிப்பட்டவரைத் தேடி 1986-ம் வருஷம் நைனார்பாளையத்துத் தங்கதுரை வந்தான். கரும்பு போட்டுச் செழிப்பாக இருந்த குடும்பம். கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படித்து நன்றாகத் தேறியவன். வேலைக்குப் போகாமல் கொட்டகையில் ஒரு பந்தயக் கார் செய்துகொண்டிருந்தான். பழைய ஹெரால்டு காரின் எஞ்சின், இரும்புக் குழாயில் பற்றவைத்த கூடு, மேலே அலுமினியத் தகடு, ஒரே ஒரு இருக்கை. ஊர்க்காரர்கள் அதைச் சக்கரம் வைத்த சவப்பெட்டி என்றார்கள்.

பந்தயம் உளுந்தூர்பேட்டையில் நடந்தது. உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரன் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டுவிட்டுப் போனான். அவன் போனபிறகு விமானம் வரவில்லை. சுற்றுப்பட்டு ஜனங்கள் அதில் நிலக்கடலை காயப்போட்டார்கள். வருஷத்துக்கு ஒருதரம் மெட்ராஸ் கிளப் ஒன்று வந்து, கடலையைக் கூட்டி ஓரம் தள்ளி, தார் டிரம்மும் வைக்கோல் கட்டும் வைத்து வளைவுகள் உண்டாக்கிக் கார் பந்தயம் நடத்தும்.

தங்கதுரையிடம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று இருந்தது. அதில் ஒரு பந்தயக் காரின் இரண்டு பக்கமும் தரைவரை ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இதுக்குப் பேரு ஸ்கர்ட்டு. காருக்குக் கட்டற பாவாடை" என்றான்.

"என் பேர வெச்சு வெளாட வந்தியா தம்பி?"

"சத்தியமா இல்லண்ண. கார் அடியில காத்து வேகமா ஓடுச்சுன்னா அங்க அழுத்தம் கம்மி ஆயிடும். அப்ப மேல இருக்கற காத்து கார தரையோட வெச்சு அமுக்கும். வளைவுல சறுக்காது. ஆனா பக்கவாட்டுல இருந்து காத்து உள்ள பூந்துட்டா எல்லாம் போச்சு. அத்தத் தடுக்கத்தான் இது."

பாவாடைக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. ஓடுகிற லாரியில் தார்ப்பாய் உள்ளே அமுங்காது, வெளியேதான் உப்பும். அதைத்தான் அவர் பதினைந்து இருபது வருஷமாகக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார். காற்றுக்கும் வண்டிக்கும் ஜென்மப் பகை, அதனால்தான் அப்படி என்பது அவருடைய விளக்கம். தங்கதுரை திருத்தப் பார்த்தான். அவர் திருந்தவில்லை.

முதலில் ரெக்ஸினில் தைத்துக் கட்டினார்கள். வேகம் பிடித்ததும் அது உள்ளே இழுத்துக்கொண்டு சக்கரத்தில் சுற்றிக் கிழிந்தது. இரட்டைத் தார்ப்பாய் போட்டார்கள். மேடு பள்ளத்தில் மாட்டிப் பிய்ந்தது. தகரம் வைத்தார்கள். தரையில் உரசிய சத்தத்தில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. விறைப்பாகவும் இருக்க வேண்டும், மேடு வந்தால் வளைந்தும் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பாப்பாத்தி வாசல் கூட்டுவதைப் பாவாடை பார்த்தார். கையில் இருந்தது கல்வராயன் மலைப்புல்லில் கட்டிய விளக்குமாறு.

அந்த வாரம் கச்சிராயபாளையம் சந்தைக்கு மலைக்காரர்கள் கொண்டுவந்த விளக்குமாறு மொத்தமும் துருகம் சாலைக்கு வந்து சேர்ந்தது. கட்டைப் பிரித்து, புல்லை வரிசையாக அடுக்கி, இரண்டு தார்ப்பாய்ப் பட்டைகளுக்கு நடுவே வைத்துத் தைத்தார் பாவாடை. காரின் இரண்டு பக்கமும் தரையைத் தொட்டுக்கொண்டு புல் வேலி மாதிரி நின்றது. சின்னசேலம் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த தங்கதுரை இறங்கிப் புல்லைத் தடவிப் பார்த்தான்.

"தரைய கடிச்சிக்கினு போவுதுண்ண" என்றான்.

பந்தயத்தன்று கார்களைச் சோதித்தவர் கண்ணாயிரம். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆத்தூரில் மகள் வீட்டோடு இருந்தவர். மெலிந்த மனிதர். கையில் எப்போதும் ஒரு பையும், பையில் அச்சடித்த விதிகளும் இருக்கும். காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இது என்ன?"

"வெளக்கமாறுங்க சார்" என்றார் பாவாடை.

"அது தெரியுது. காருக்கு எதுக்கு?"

"கல்லு மண்ணு கெடக்குது பாருங்க. பெருக்கிக்கினே போவும்."

கண்ணாயிரத்துக்கு அது எதற்கென்று நன்றாகத் தெரியும். வெளிநாட்டில் இதை வைத்து நடந்த சண்டைகளையெல்லாம் படித்தவர் அவர். இருந்தாலும் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். டயர் அகலம் இருந்தது, எஞ்சின் அளவு இருந்தது, ஹெல்மெட் இருந்தது. விளக்குமாறு இல்லை.

"இல்லாததை நான் தடுக்க முடியாது" என்று காரில் அனுமதிச் சீட்டு ஒட்டினார்.

தங்கதுரை சுலபமாக ஜெயித்தான். மெட்ராஸ் கார்கள் வளைவுக்கு வளைவு வாலை ஆட்டிக்கொண்டிருக்க, இவன் கார் மட்டும் ஆணி அடித்த மாதிரி திரும்பியது. வெளிநாட்டிலிருந்து டயர் வரவழைத்தவர்களுக்குத் தோல்வியைவிடத் தோற்கடித்த சாமான்தான் தொண்டையில் சிக்கியது. கிளப்பில் கூட்டம் போட்டார்கள். அதற்கு எதிர்க் கூட்டம் போட்டார்கள். பொங்கலுக்குப் பின் நடக்க வேண்டிய அடுத்த பந்தயம் இந்தத் தகராறில் செப்டம்பருக்குப் போயிற்று. கடைசியில் இரண்டு புது விதிகள் வந்தன. டயரைத் தவிர வேறு எதுவும் தரையைத் தொடக்கூடாது. சோதனையின்போது கண்ணாயிரம் அளவுக்கு வைத்திருக்கும் மரக்கட்டை காரின் அடியில் தாராளமாக நுழைந்து வெளியே வர வேண்டும்.

பாவாடைக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது. "என்னால கவர்மெண்டு மாதிரி ரூலு போட்டுட்டாங்க" என்று டீக்கடையில் சொன்னார். பிறகு இரண்டாவது விதியைத் தங்கதுரையைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"சோதனையின்போதுன்னுதான போட்டுக்கிது? ஓடும்போதுன்னு போடலியே?"

அப்படிப் பிறந்ததுதான் மெழுகு வேலை. சைக்கிள் டியூபைத் துண்டு போட்டுப் பை மாதிரி ஒட்டி, காற்றடைத்து, நான்கு ஸ்பிரிங்குகளுக்கும் முட்டாகக் கொடுத்தார்கள். கார் உயரமாக நின்றது. ஒவ்வொரு பையிலும் சின்ன ஓட்டை போட்டு மெழுகால் அடைத்தார்கள். எஞ்சின் ஓடிச் சூடு ஏறினால் மெழுகு உருகும், காற்று இறங்கும், கார் தாழ்ந்துவிடும். அதற்குள் சோதனை முடிந்து பந்தயம் தொடங்கியிருக்கும். புல் தரையைத் தொடாது, ஆனால் விரலிடைதான் இருக்கும்.

காரை உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுபோக வேண்டிய வாரத்தில்தான் சாலை மறியல் வந்தது.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் முழுக்க ஒரே பேச்சு. மண்ணை நம்பியிருந்த ஜனங்கள், படிப்பிலும் வேலையிலும் இருபது சதவீதம் தனியாக வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, 1987 செப்டம்பரில் ஒரு வாரம் சாலையில் இறங்கினார்கள். பாவாடையும் அந்த ஜனங்களில் ஒருவர். மகள் எழில்மதி நன்றாகப் படித்தாள். பாலிடெக்னிக் போக வேண்டும் என்றாள். அவள் மார்க்கை எடுத்துக்கொண்டு பாவாடை எந்த வாசலில் நின்றாலும் அவருக்குத் தெரிந்த வாதம் எதுவும் அங்கே எடுபடாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. முதல் நாள் விடியலிலேயே போய்விட்டார். தியாகதுருகம் தாண்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்த புளியமரத்தின் மேல் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்து நின்றது தங்கதுரையின் டிராக்டர். பின்னால் டிரெய்லரில், பாவாடையே தைத்த தார்ப்பாய்க்குள், கார்.

"அண்ணே, நல்லதாப் போச்சு. வுடச் சொல்லுண்ண."

"சாவு, பிரசவம், பால் வண்டி. இதுக்குத்தான் வழி தம்பி."

"டிராக்டர் வெவசாய வண்டிதான? வெவசாயத்த நிறுத்தறமின்னு யாரும் சொல்லலியே? எதுனா ஒரு சந்து இருக்கும். யோசிண்ண."

"யோசிச்சன். நாலஞ்சு வழி கீது. ஒண்ணியும் சொல்ல மாட்டன்."

தங்கதுரை அவரை உற்றுப் பார்த்தான். பாவாடை வேறு பக்கம் பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஒரு விதிக்குள் இருந்த சந்தைக் கண்ணால் பார்த்தும் நுழையாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூட்டம் தார்ப்பாயை அவிழ்த்தது. பெரியவர் ஒருவர் காரைத் தடவிப் பார்த்தார்.

"இத்த ஓட்டிக்கினு போயி இன்னா பண்ணுவ?"

"சுத்தி வருவங்க."

"சுத்தி எங்க போவ?"

"பொறப்பட்ட எடத்துக்கேதாங்க."

"அத்த இங்கயே நின்னுக்கினு செய்யலாமே" என்றார் பெரியவர். மரத்தின் மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வெயில் ஏறியது. பின்னால் பேருந்துகள் வந்து வரிசையாக நின்றன. ஆத்தூரிலிருந்து வந்த பேருந்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கண்ணாயிரம் இறங்கி வந்தார். பந்தயச் சோதனைக்குத்தான் அவரும் புறப்பட்டிருந்தார். கூட்டத்தில் தலையை நீட்டி, டிரெய்லரில் இருந்த காரைப் பார்த்து, "அடடே" என்று பக்கத்தில் வந்தார். வேறு வேலை இல்லாததால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அலுமினியத் தகடு கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாயிரத்தின் கண்ணெதிரே கார் மெல்லப் பெருமூச்சு விட்டது. முன்பக்கம் ஒரு சாய்வு சாய்ந்தது. பிறகு பின்பக்கம். யாரும் தொடாமல், மாடு படுக்கிற மாதிரி, கார் படுத்தது.

கண்ணாயிரம் பையிலிருந்து மரக்கட்டையை எடுத்தார். டிரெய்லரில் ஏறிக் காரின் அடியில் தள்ளிப் பார்த்தார். கட்டை நுழையவில்லை. குனிந்து ஸ்பிரிங்கைத் தடவி, விரலில் ஒட்டியதை முகர்ந்தார். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பாவாடையிடம் வந்தார்.

"மெழுகா?"

"ஆமாங்க சார்."

"நல்ல வேலை. அடுத்த தடவை பந்தயத்துக்கு முன்னாலயும் அளப்பேன், பின்னாலயும் அளப்பேன்."

"நான் ரோட்ட மறிக்காம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார்."

"தெரிஞ்சிருக்காது" என்று கண்ணாயிரம் ஒப்புக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் போலீஸ் வந்தது. பாவாடையை மற்றவர்களோடு ஏற்றிக்கொண்டு போய்க் கடலூர் சிறையில் வைத்தார்கள். கண்ணாயிரம் கள்ளக்குறிச்சி வரை நடந்தார். பந்தயம் நடக்கவில்லை. அந்த வாரத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். சாலைக்கே வராத காலனி ஜனங்களின் குடிசைகளும் சில ஊர்களில் எரிந்தன. சிறையிலிருந்து வந்தபிறகு பாவாடை எதைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசினார். குடிசைகளைப் பற்றி யாராவது எடுத்தால் மட்டும் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவார்.

அடுத்த வருஷம் விதிகள் இன்னும் நீண்டன. உயரம் பந்தயத்துக்கு முன்னும் பின்னும் அளக்கப்படும். காற்றைத் திருப்பவோ தடுக்கவோ அசைகிற எந்தச் சாதனமும் கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி மட்டும் விலக்கு.

"விசிறி எவ்ளோ பெரிசுன்னு போட்டுக்கிதா?" என்று கேட்டார் பாவாடை.

போடவில்லை. தங்கதுரைக்கும் அது முன்பே கண்ணில் பட்டிருந்தது. வெளிநாட்டில் ஒருவன் இதே வேலையைச் செய்து ஒரே பந்தயத்தோடு நிறுத்த வேண்டி வந்த கதையையும் அவன் படித்திருந்தான். அந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் பாவாடையிடம் சொன்னான்.

சங்கராபுரத்தில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லிலிருந்து நெல் தூற்றும் விசிறியை வாங்கி வந்தார்கள். காரின் பின்பக்கம் பொருத்தி எஞ்சினோடு பெல்ட்டில் இணைத்தார்கள். எஞ்சின் ஓடினால் விசிறி காரின் அடியிலிருக்கும் காற்றை உறிஞ்சிப் பின்னால் கக்கும். கார் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் எஞ்சின் வழியாகக் காற்று போவதால் அதுவும் குளிரத்தான் செய்தது.

"இது எதுக்கு?" என்றார் பந்தயத்தன்று சோதிக்க வந்த கண்ணாயிரம்.

"எஞ்சின் சூடு ஆறதுக்குங்க சார்."

கண்ணாயிரம் எஞ்சினை ஓட்டச் சொல்லி, விசிறியோடு ஒருமுறையும் பெல்ட்டைக் கழற்றி ஒருமுறையும் சூடு பார்த்தார். விசிறி இருந்தால் எஞ்சின் உண்மையிலேயே குளிர்ச்சியாக இருந்தது. அவர் பாவாடையைப் பார்த்தார். பாவாடை வானத்தைப் பார்த்தார். சீட்டு ஒட்டப்பட்டது.

நெல்லில் பதரைப் பிரிக்கப் பிறந்த விசிறி, தன் தொழிலை மறக்கவில்லை. ஓடுதளத்தில் வருஷம் முழுக்கச் சேர்ந்திருந்த கடலைத் தோல், மண், பொடிக்கல் எல்லாவற்றையும் வாரி, பின்னால் வந்தவர்களின் முகத்தில் கொட்டியது. மெட்ராஸ் ஓட்டுநர்கள் கண்ணாடியைத் துடைப்பதா, ஸ்டியரிங்கைப் பிடிப்பதா என்று தெரியாமல் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். பந்தயம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது எல்லோரும் சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். ஒருவர் சட்டைக்குள்ளிருந்து கடலைத் தோலை எடுத்து எடுத்துக் கீழே போட்டுக்கொண்டே புகார் சொன்னார். பரிசைப் பறிக்க வேண்டும் என்றார்கள் எல்லோரும்.

கண்ணாயிரம் மட்டும் மறுத்தார். "நான் பார்த்து விட்ட கார். விதியில் இருக்கு. ஓட்டை விட்டது நாம. ஓட்டையில போனவனைத் திருடன்னு சொல்லக்கூடாது."

வெற்றி நின்றது. அதனால் கிளப் வேறு வழி பார்த்தது. 1989-ம் வருஷப் பந்தயத்துக்கு 'சிறப்புப் பிரிவு' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கியது. விசிறி, உறை, தட்டி இவற்றில் எதை வைத்திருக்கும் காரும் அந்தப் பிரிவில்தான் ஓட வேண்டும். அப்படிப்பட்ட கார் தென்னாட்டிலேயே ஒன்றுதான் இருந்தது.

மற்றவர்கள் பந்தயம் முடிந்து கலைந்த பிறகு, வெறும் ஓடுதளத்தில் தங்கதுரை தனியாக ஓட்டினான். பாதிச் சுற்றில் பெல்ட் அறுந்தது. தள்ளிக்கொண்டு வந்து முடித்தான். ஒலிபெருக்கியில், சிறப்புப் பிரிவில் முதலிடம் என்று அறிவித்துக் கோப்பை கொடுத்தார்கள். யாரும் கைதட்டவில்லை. கடலை காயப்போடக் காத்திருந்த பெண்கள், "முடிஞ்சிச்சா?" என்று கேட்டார்கள்.

அரசாங்கம் புது ஒதுக்கீட்டை அறிவித்ததும் அந்த வருஷம்தான். இருபது சதவீதம் வந்தது. கேட்டவர்களுக்கு மட்டும் தனியாக இல்லாமல், நூற்றுச்சொச்சம் ஜாதிகளுக்குச் சேர்த்து வந்தது. தெருவில் சிலர் வெடி வெடித்தார்கள், சிலர் ஏமாந்துவிட்டோம் என்றார்கள். பாவாடை இரண்டு பக்கமும் வாதாடினார். வீட்டுக்கு வந்து, தங்கதுரை வேண்டாமென்று கொடுத்துவிட்ட கோப்பையை அலமாரியில் வைத்தபோது பாப்பாத்தி சொன்னாள்:

"நாம தனி எல கேட்டோம், பந்தியில ஒக்கார வெச்சாங்க. நீங்க பந்தியில ஒக்காரணுன்னீங்க, உங்களுக்குத் தனி எல போட்டுட்டாங்க. போங்க, போயி சாப்புடுங்க."

பாவாடை கோப்பையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதைப் பாப்பாத்தி வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டினாள்.

தங்கதுரைக்கு ஆசை விட்டுப்போனது. கல்யாணம் செய்துகொண்டு கரும்பைப் பார்க்கப் போனான். ஆனால் கிளப் பாவாடையை விடவில்லை. கண்ணாயிரத்துக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. காரின் அடியில் குனிந்து பார்க்க வேறு ஆள் வேண்டும் என்றபோது, அவர் ஒரே பெயரைத்தான் சொன்னார்.

"ஓட்டையெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அவனையே அடைக்கச் சொல்லுங்க."

1990-ல் பாவாடை சட்டையில் பட்டை குத்திக்கொண்டு சோதனை அதிகாரியாக நின்றார். கண்ணாயிரம் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்று வந்த கார்களுக்குக் கெட்ட காலம். பாவாடை எல்லோரையும் சந்தேகப்பட்டார், ஏனென்றால் எல்லோரையும் தன்னைப் போலவே நினைத்தார். இருக்கைப் பஞ்சைப் பிய்த்துப் பார்த்தார். ஸ்பிரிங்கைச் சுரண்டி முகர்ந்தார். ஒரு ஓட்டுநரின் ஷூவைக் கழற்றச் சொன்னார். பெண்டாட்டி கொடுத்த எலுமிச்சம்பழத்தைக் கண்ணாடியில் கட்டியிருந்தவரிடம், அது காற்றைத் திருப்பும் சாதனமில்லை என்று நிரூபிக்கச் சொன்னார்.

கடைசியாக வந்தது தங்கதுரையின் கார். கரும்பைப் பார்க்கப் போனவன், அன்றுவரை யாருக்கும் சொல்லாமல் அதை மாற்றிக் கட்டி வைத்திருந்தான். விசிறி இல்லை, விளக்குமாறு இல்லை. பொதுப் பிரிவில் ஓட வந்திருந்தான். பாவாடை சிரித்துக்கொண்டே குனிந்தார். பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் பெரிய தகர டாங்கி ஒன்று இருந்தது. நிறையத் தண்ணீர்.

"இன்னா தம்பி இது?"

"பிரேக்கு சூடு ஆறதுக்குண்ண."

பாவாடையின் சிரிப்பு நின்றது. கார்களுக்குக் குறைந்தபட்ச எடை உண்டு. தண்ணீரோடு நிறுத்துப் பார்த்தால் எடை சரியாக இருக்கும். ஓடத் தொடங்கியதும் தண்ணீரைப் பிரேக்கில் தெளித்துத் தீர்த்துவிட்டால், மற்றவர்களைவிட எடை குறைந்த கார். முடிந்ததும், தீர்ந்த தண்ணீரை நிரப்பத்தானே வேண்டும் என்று நிரப்பி மறுபடி எடை போட்டுக் காட்டலாம்.

"என் கிட்டயேவா?"

"தண்ணி ஊத்தக்கூடாதுன்னு எழுதிக்கிதா?"

"எழுதல. இப்ப எழுதறன்."

"எழுதாதது எல்லாம் நம்பளுதுன்னு சொன்னது யாருண்ண?"

"அப்ப நான் அந்தப் பக்கம் நின்னன். கார ஓரம் கட்டு தம்பி."

நாற்காலியிலிருந்து கண்ணாயிரத்தின் குரல் வந்தது. "பாவாடை, விதியில இல்லாததுக்குத் தள்ள முடியாது. நான் உன்னைத் தள்ளினேனா?"

"சார், இது ஏமாத்து வேலைங்க."

"ஆமா. ஓட விடு. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

பாவாடை பட்டையைக் கழற்றி வைத்துவிடலாமா என்று யோசித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சீட்டை ஒட்டினார். ஒட்டியது கோணலாக இருந்தது.

தங்கதுரை முதல் சுற்றிலேயே தண்ணீரைத் திறந்துவிட்டான். வளைவில் பிரேக் மிதித்த இடத்தில்தான் அத்தனையும் கொட்டியது. கார் லேசாகி முன்னால் பாய்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஈரத்தைப் பார்த்துவிட்டு நிதானமாக விலகிப் போனார்கள். எல்லோரையும்விட வேகமாக ஒரு சுற்று சுற்றி வந்து, அதே வளைவில், தன் தண்ணீரிலேயே தங்கதுரை சறுக்கினான். கார் இரண்டு தரம் சுழன்று, டிரம்மைத் தள்ளி, வைக்கோலுக்குள் மூக்கை விட்டு நின்றது.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தது பாவாடைதான். வைக்கோலைப் பிடுங்கி எறிந்து அவனை வெளியே இழுத்தார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தான். யாரோ கொண்டுவந்த வேனில் பாயைப் போட்டுப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கதுரை கேட்டான்:

"எல்லாரயும் பின்னால வுட்டு முன்னால போயிக்கினு இருந்தனா இல்லியாண்ண?"

"இருந்த."

"அப்ப ஐடியா சரிதான?"

பாவாடை அவனைப் பார்த்தார். திட்டத்தான் வாயெடுத்தார். "தண்ணிய நேர் ரோட்ல தெறந்திருக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டுப்போனார்.

கிளப் ஒரு விசாரணைக் குழு போட்டது. ஓட்டுநர் விதியை மீறவில்லை. சோதனையில் குறை இல்லை. விதியிலும் தப்பில்லை. ஆகவே விபத்துக்குக் காரணம் எதிர்பாராத ஈரம் என்று முடிவு செய்தார்கள். ஆடு மாடுகூட நனையாத மாசி மாதம் அது. அடுத்த வருஷம் மெட்ராஸ் பக்கத்திலேயே புதுப் பந்தயத் தடம் இருக்கிறது என்று கிளப் அங்கே போய்விட்டது. உளுந்தூர்பேட்டைக்கு யாரும் வரவில்லை.

புது ஒதுக்கீட்டில் எழில்மதிக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. மோட்டார் பக்கம் மட்டும் வேண்டாம் என்று சிவில் எடுத்தாள். கொண்டுபோய்ச் சேர்க்கப் பாவாடை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். விடுதி வாசலில், உள்ளே ஆண்கள் வரக்கூடாது, பார்க்க வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும், சமைத்த உணவு கொண்டுவரக்கூடாது என்று வரிசையாக எழுதி மாட்டியிருந்தது. பாவாடை எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். பாப்பாத்தி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலம் அவர் கையில் இருந்தது. முறுக்கு சமைத்த உணவா என்ற கேள்வி வாய்வரை வந்தது. வாட்ச்மேன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா யோசிக்கறீங்க?" என்றாள் எழில்மதி. அவர் என்ன யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். முகத்தில் பயம் தெரிந்தது.

"ஒண்ணியும் இல்ல. நீ உள்ள போ."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் மறைந்தாள். பாவாடை எதிர்ப்பக்கம் போய் நின்று, பேருந்து வரும்வரை முறுக்கை ஒவ்வொன்றாகத் தின்றார்.